ஜமாபந்திக்கு முந்தின வாரம் லினக்ஸ் போட்டேன்

ராஜகுமாரியின் மனுவைத் திறந்தேன். திரையில் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை.

ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், சாய்கோடுகள், நடுவில் ஒரு டாலர் குறி. எறும்புப் புற்றை மிதித்தது மாதிரி பக்கம் முழுக்க ஏதேதோ சிதறிக் கிடந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதேதான். வேறு ஒருவருடைய மனுவைத் திறந்தேன். அதுவும் அப்படித்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் ராஜகுமாரி நின்றிருந்தாள். காலையிலேயே நடவுக்கு ஆள் பேசிவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்திருச்சாக்கா?"

"இரு, வருது" என்றேன். வரவில்லை.

அப்போது காலை பத்தரை மணி. மின்விசிறி ஓடியும் முதுகு நனைந்திருந்தது. அவளுக்கு மாலை ஐந்து மணி வரைதான் நேரம்.

அவளுக்கு என்ன அவசரம்

இந்தத் தொடரை இப்போதுதான் படிக்க எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தாலுக்கா ஆபீசுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். எந்தத் தாலுக்கா என்று எழுதமாட்டேன். எனக்கு இன்னும் அங்கேதான் கடை.

வருஷத்துக்கு ஒரு தடவை, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், ஜமாபந்தி நடக்கும். மேலதிகாரி வந்து உட்கார்ந்து கிராமப் பதிவேடுகளைப் பார்ப்பார். ஜனங்களுக்குப் பதிவேட்டைப் பற்றிக் கவலை இல்லை. அவர்களுக்கு அது மனு கொடுக்கும் நாள். சில கிராமங்களுக்குச் சேர்த்து ஒரு நாள் ஒதுக்குவார்கள். உன் நாளை விட்டால் அடுத்த வருஷம்தான். அன்று ராஜகுமாரியின் கிராமத்துக்கு நாள்.

ராஜகுமாரிக்கு அடுத்த வருஷம் என்ற ஒன்று கிடையாது. அவள் வீடு வாய்க்கால் கரையில் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குள் வாய்க்காலைத் தூர் வார வேண்டும் என்று பொக்லைன் இறங்கியிருந்தது. கரையில் இருக்கும் வீடுகளை ஆக்கிரமிப்பு என்று சொல்லி, கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனுஷன். அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "போன வருஷமே பட்டா கேட்டு மனு குடுத்திருக்கேல்ல? அந்த மனு நம்பர், அளந்த விவரம், நகல் எல்லாம் வெச்சு ஜமாபந்தியில குடு. ஏற்கெனவே விசாரணையில இருக்குன்னு தெரிஞ்சா கை வெக்கமாட்டாங்க. புதுசா மனு குடுத்தா, நோட்டீஸ் பாத்துட்டு ஓடியாந்திருக்கான்னு தள்ளிடுவாங்க."

கார்த்திகை மழையில் அவள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மனு நகல், ரசீது, நில அளவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு எல்லாம் கூழாகிப் போயின. மிச்சம் இருந்தது என் கம்ப்யூட்டர்தான். புரட்டாசியில் அவளுக்கு ஒரு நினைவூட்டல் மனு அடித்துக் கொடுத்திருந்தேன். முதல் மனுவின் எண், தேதி, நான்கெல்லை, நீள அகலம் எல்லாம் அதில் வரிசையாக எழுதியிருந்தேன்.

ஆபீசில் அவர்களிடமே கோப்பு இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கும். எண் சொன்னால் எடுப்பார்கள். எண் சொல்லாவிட்டால் இல்லை என்பார்கள். நான் எத்தனையோ வருஷமாக எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தகுதி இல்லை என்று சொன்ன பெட்டி

இனி நான் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

என் கம்ப்யூட்டர் பழசு. அதிலிருந்த விண்டோஸும் பழசு. அந்த விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதல்ல. எங்கள் தெருவில் யாருடையதும் அல்ல. கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவன் ஒரு சிடியைப் போட்டான், வந்தது, ஓட்டினோம். அதைத் திருட்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் பென் டிரைவ் கொண்டுவந்து சொருகுவார்கள். எதில் என்ன நோய் இருக்கும் என்று தெரியாது. ஒரு முறை கோப்புகள் எல்லாம் மறைந்து, பெயர்கள் மட்டும் ஷார்ட்கட்டுகளாக நின்றன, அழுத்தினால் எதுவும் திறக்கவில்லை. ஜனங்களுடைய ஆதார், குடும்ப அட்டை, பத்திர நகல் எல்லாம் என்னிடம் இருக்கிறது. அது வெளியே போனால் யார் பதில் சொல்வது?

அப்புறம் அந்த அறிவிப்பு வர ஆரம்பித்தது. உங்கள் விண்டோஸுக்குப் பாதுகாப்பு உதவி முடிகிறது, புதியதற்கு மாறுங்கள் என்று. சரி மாறலாம் என்று அழுத்தினால், இந்தக் கணினிக்கு அதற்கான தகுதி இல்லை என்றது.

தகுதி இல்லை என்று எனக்குச் சொல்லாத ஆளே இந்த ஊரில் கிடையாது. கடைசியில் ஒரு பெட்டியும் சொல்லிவிட்டது. ஆத்திரத்தில் மௌஸைத் தூக்கி மேசையில் அடித்தேன். மௌஸ்தான் உடைந்தது.

ஜெராக்ஸுக்கு நின்றிருந்த சகாயராஜ் இதைப் பார்த்தார். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அது பிடிக்காது.

"எத்தனை நாளைக்குக்கா இதையே ஓட்டுவீங்க?"

"ஜெராக்ஸ் வந்திருச்சுல்ல? எடுத்துட்டுக் கிளம்புங்க."

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுரலாம்க்கா. இதே மிஷினு இன்னும் நாலஞ்சு வருஷம் நல்லா ஓடும். காசு வேணாம்."

"காசு வேணாங்கிறவனப் பாத்தாதான் எனக்கு பயம்."

"இது யாருக்கும் தனியா சொந்தமில்லக்கா. உலகத்துல எங்கெங்கயோ இருக்கிறவங்க சேந்து எழுதுறது. அதனால உங்ககிட்டேருந்து யாரும் புடுங்க முடியாது."

"யாருக்கும் சொந்தமில்லன்னா எங்க ஊர்ல அதுக்குப் பேரு புறம்போக்கு. மொதல்ல புடுங்குறதே அங்கதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒரு கதவு

ஏன் சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்ததே புறம்போக்கில். வேறொரு வாய்க்கால், வேறொரு கரை. அப்பா அம்மா இருவரும் பண்ணையில் கூலி வேலை. நான் இரண்டாவதோ மூன்றாவதோ படித்த சமயம், ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் எங்கள் வீட்டு மண்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். புது மழை பெய்தால் ஒரு மணம் வருமே, சுவர் இடிந்தபோது அதே மணம் வந்தது. இன்றைக்கும் மழை மணம் எனக்குப் பிடிக்காது.

அம்மா சண்டை போடவில்லை. கதவை மட்டும் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். "வீடு இல்லாம கதவு எதுக்கும்மா?" என்று கேட்டேன். நடந்துகொண்டே திரும்பி ஒரு அறை விட்டாள்.

அதனால் வாய்க்கால் கரை மனு எதுவானாலும் நான் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்து அடிப்பேன். இதில் பெருமை ஒன்றுமில்லை. பயம்தான்.

அழிக்கலாமா?

ஜமாபந்திக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சகாயராஜ் வந்தார். ஜமாபந்தி முடியட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஜமாபந்தி சமயத்தில்தான் பென் டிரைவ்கள் குவியும், அப்போது ஏதாவது நடந்துவிட்டால் என்ற பயம் என்னை அவசரப்படுத்தியது. பயந்து செய்கிற காரியம் எப்போதும் தப்பான நாளில்தான் நடக்கிறது.

மனுக்கள், ஒப்பந்தங்கள், உயில்கள், கண்ணீர் அஞ்சலிகள், காதுகுத்துப் பத்திரிகைகள் என்று இருந்த எல்லாக் கோப்புகளையும் தனி டிஸ்க்கில் எடுத்தோம். எடுத்ததை நானே சரிபார்த்தேன். ஒன்று விடாமல் இருந்தது.

"எல்லாம் வந்திருச்சாக்கா? அழிச்சிரலாமா?"

"அழிங்க."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. அப்பறம் என்னைத் திட்டக் கூடாது."

"யோசிக்காம நான் எதையும் செய்யமாட்டேன். அழிங்க."

அழித்தார். திரை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் நீல நிறத்தில் புதுத் திரை வந்தது. பிரிண்டர் ஓடியது. ஸ்கேன் செய்த படங்கள் திறந்தன. தமிழ் அடிக்கப் பழைய டைப்ரைட்டர் முறையே இருந்தது. நான் 'வணக்கம்' என்று அடித்துப் பார்த்தேன். வந்தது. பெட்டியின் மேல் சகாயராஜ் லினக்ஸின் சின்னமான பென்குயின் படம் ஒன்றை ஒட்டினார். அவர் போனதும் உரித்துப் போட்டேன்.

பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அங்கேதான் தொலைந்தேன்.

பழைய தமிழ்க் கோப்புகள் எப்படி என்றால், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் எழுத்துரு ஒன்று சட்டை மாதிரி கிடக்கும். சட்டை இருந்தால் தமிழ் தெரியும். அந்த எழுத்துரு விண்டோஸுக்குள் வேறொரு இடத்தில் இருந்திருக்கிறது. கோப்புகளை எடுத்த நான் அதை எடுக்கவில்லை. விண்டோஸோடு சேர்த்து அழித்துவிட்டேன்.

இருபது வயதுப் பெண் இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். நான் செய்வேன். ஏனென்றால் நான் டைப்ரைட்டரில் வளர்ந்தவள். திருவாரூரில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் கற்றுக்கொண்டேன். அங்கே மிஷின் ஒரு இடத்தில் இருக்கும், அடித்த தாளை உருவி எடுத்தால் எழுத்து தாளோடு வந்துவிடும். மிஷினையே பழைய இரும்புக்குப் போட்டாலும் தாளில் இருப்பது இருக்கும். தாளை எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டு வர முடியும் என்று என் புத்திக்கு எப்படித் தெரியும்?

சர்வர் டவுன்

திரும்ப அந்தக் காலைக்கு வருகிறேன்.

சகாயராஜுக்குப் போன் செய்தேன். முத்துப்பேட்டைப் பக்கம் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். விருந்தாளிகளைப் படகில் ஏற்றி அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போயிருப்பார்கள் போல. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளையும் திட்டினேன்.

அதற்குள் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். "சர்வர் டவுன்" என்றேன். எங்கள் ஊரில் யாரும் மறுகேள்வி கேட்காத ஒரே காரணம் அதுதான். எல்லாரும் டீக்கடைப் பக்கம் கலைந்தார்கள். ராஜகுமாரி மட்டும் போகவில்லை.

அந்த எழுத்துருவைத் தஞ்சாவூரில் ஒருவர் எனக்குக் கொடுத்தார். அவரே ஏதோ மாற்றிச் செய்தது. தன் மகள் பெயரை அதற்கு வைத்திருந்தார். அவர் கடை இப்போது இல்லை. அந்தப் பெயரைப் போனில் தேடினேன். கல்யாண மண்டபம் ஒன்று வந்தது.

கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு இரண்டு கடை தள்ளியிருந்த சேகரிடம் ஓடினேன். தொழிலில் எனக்குப் போட்டி. வேறு வழியில்லை. அவன் தன்னிடம் இருந்த எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். தமிழ் எழுத்து வந்தது, தமிழ் வரவில்லை. ஏதோ மந்திரவாதி எழுதிய தகடு மாதிரி இருந்தது.

"இலவசமா வந்ததுன்னு போட்டீங்களாமே. இப்ப பாருங்க" என்றான்.

"ஒன் கடையில இருக்கிறது மட்டும் நீ வாங்குனதாடா?"

"எங்கிட்ட இருக்கிறது தமிழ்ல தெரியுதுல்லக்கா."

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

மணி பன்னிரண்டரை. ராஜகுமாரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"சர்வரெல்லாம் இல்ல, அப்டித்தானேக்கா?"

"இல்ல."

"என் மனு போயிருச்சா?"

"போவல. இருக்கு. படிக்க முடியல."

அவள் எழுந்து திரையைப் பார்த்தாள். ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைத்துப் பார்த்தாள்.

"இங்க நம்பரு மட்டும் தெரியுதே?"

ஆமாம். எண்கள் எண்களாகவே நின்றன. அதில் எது மனு எண், எது சர்வே எண், எது குடும்ப அட்டை எண், எது அகலம், எது நீளம்? தப்பான எண்ணோடு போய் நின்றால் பொய் சொல்கிறாள் என்று முடித்துவிடுவார்கள்.

விரல் படித்தது

தலைப்பு வரியில் ஒரு சொல் இருந்தது. கீழேயும் நாலைந்து இடத்தில் அதே சொல் வந்தது.

gl;lh

நான் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது? கை இரண்டும் மேசையில் கிடந்தன. இடது ஆள்காட்டி விரல் தானாக ஒரு தட்டுத் தட்டியது. அப்புறம் வலது மோதிர விரல். சுண்டு விரல். மறுபடி மோதிர விரல். கடைசியாக வலது ஆள்காட்டி விரல்.

ப. ட. புள்ளி. ட. துணைக்கால்.

பட்டா.

திரையில் கிடந்தது குப்பை இல்லை. நான் அழுத்திய விசைகள். புரட்டாசியில் என் விரல் எந்தெந்த விசையில் விழுந்ததோ, அதை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்டிடியூட்டில் விசைகளைப் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்று கை மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். முதல் பாடம் ய, ள, ன, க. அதையே ஒரு மாதம் அடித்தேன். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

"ராஜகுமாரி, ஸ்டூல இப்புடிப் போடு. நான் அடிக்க அடிக்க நீ படி."

ஒரு பக்கம் பழைய கோப்பு, மறு பக்கம் புதுத் தாள். அங்கே என்ன எழுத்து இருக்கிறதோ இங்கே அந்த விசையை அழுத்தினேன். தமிழ் வந்தது. எல்லாம் சுலபமாக வரவில்லை. கொம்பு போட்ட எழுத்துகள் முன்னும் பின்னும் மாறின. ஆங்கிலப் பெரிய எழுத்து வந்த இடங்களில் சில சரியாக விழுந்தன, சில விழவில்லை. ஒவ்வொன்றையும் நிறுத்தி, விரலைக் காற்றில் அடித்துப் பார்த்து, திருத்தினேன்.

ராஜகுமாரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "வடக்கே... வாய்க்... வாய்க்காக் கரை. சரிதான்க்கா. கிழக்கே..."

"பொறு, இன்னும் அடிக்கல."

"கிழக்கே கலியபெருமா வீட்டுத் தென்ன. எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். ஆபீசுக்குத் தெரிய வேணாமா? நீ சொல்றத நான் அடிக்கக் கூடாது. இதுல என்ன இருக்கோ அதத்தான் அடிக்கணும்."

மனு எண்ணுக்கு வந்தபோது அதன் முன்னால் ஒரு காற்புள்ளி இருந்தது. காற்புள்ளி ஏன் என்று அதைத் தாண்டி எண்ணை மட்டும் அடித்தேன். நாலு வரி போன பிறகு கை நின்றது. அந்த விசையில் இருப்பது இ. ஆபீசில் இ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை விட்டிருந்தால் வேறு மேசையில் போய் நின்று, அங்கே இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதற்கு அப்புறம் ஒவ்வொரு புள்ளியையும் கோட்டையும் பார்த்துப் பயந்தேன். ஏற்கெனவே அடித்ததை முதலிலிருந்து சரிபார்த்தேன்.

ஒன்றரைப் பக்கம். சாதாரணமாகக் கால் மணி நேர வேலை. முடிக்கும்போது மூன்றரை ஆகிவிட்டது. இருவரும் சாப்பிடவில்லை. அவள் மடியிலிருந்து நாலு வேர்க்கடலை உருண்டையை எடுத்து வைத்தாள். ஒன்றைக் கடித்துக்கொண்டே ஜமாபந்தி மனுவையும் அடித்து, இரண்டையும் பிரிண்ட் எடுத்தேன்.

இது நகல் இல்லையே

தாலுக்கா ஆபீசில் ஜமாபந்திக்குப் போட்டிருந்த பந்தலில் கூட்டம் குறைந்திருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் அவளோடு போனேன். பதினாலு வருஷத்தில் எந்த மனுவோடும் நான் சாலையைத் தாண்டிப் போனதில்லை.

இ பிரிவு எழுத்தர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுவா பழைய மனுவோட நகல்? இன்னிக்கி அடிச்ச மாதிரில்ல இருக்கு?"

"இன்னிக்கி அடிச்சதுதான் சார். என் கம்ப்யூட்டர மாத்துனேன், பழைய எழுத்து வரல. பாத்து அடிச்சிருக்கேன். வார்த்தை அதேதான்."

"பாத்து அடிச்சா அதுக்குப் பேரு நகல் இல்லம்மா."

ராஜகுமாரி என்னைப் பார்த்தாள்.

"உங்க கோப்ப எடுத்துப் பாருங்க சார். ஒரு வார்த்தை மாறியிருந்தா என் கடையை மூடிடுறேன்."

"உங்க கடைய மூடி நான் என்ன பண்றது? எனக்கு ஜெராக்ஸ் எடுக்க எடம் வேணாமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் எழுந்து உள்ளே போனார்.

வாய்தான் அப்படிப் பேசியது. ஒரு வார்த்தை மாறியிருந்தால்? ஒரு எண்ணை நான் விட்டிருந்தால்? கடையை மூடுவது பெரிய விஷயமில்லை. அவள் வீட்டுக் கதவை யார் கழற்றுவது? மேசையில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலேகால். நாலரை. நாலு நாற்பது.

கட்டோடு வந்தார். எண் இருந்தது. கோப்பும் இருந்தது. பழைய நினைவூட்டல் மனுவை ஒரு பக்கமும் என் தாளை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டினார். அளவுகளுக்கு வந்தபோது விரல் நின்றது. மறுபடி மேலே போனார். மூக்கைச் சொறிந்தார். கீழே வந்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார். முத்திரை குத்தினார். ரசீது கிழித்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் ஏதோ நன்றி வரும் என்று எதிர்பார்த்தேன். ஆமாம், எதிர்பார்த்தேன். ராஜகுமாரி ரசீதை நாலாக மடித்தாள்.

"மழைக்கு அப்பறம் ஒரு நாள் வந்து, இன்னொரு பிரிண்டு குடுங்கக்கான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"எப்ப?"

"மார்கழில. கம்ப்யூட்டர்ல இருக்கு, எங்க போயிடப் போவுது, வேணுங்கிறப்ப வான்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

கடையை மூடப் போறீங்களா?

மூன்றாம் நாள் சகாயராஜ் சிரித்துக்கொண்டே வந்தார். வந்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி பழைய விண்டோஸ முழுசா ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தேன்க்கா. அதுல ஃபாண்ட் இருக்கும்."

"அத ஏன் சொல்லல?"

"நீங்கதான் எல்லாம் யோசிச்சாச்சுன்னீங்களே."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தத் தஞ்சாவூர்க்காரர் மகள் பேரில் இருந்த எழுத்துருவை எடுத்து உள்ளே போட்டார். எல்லா மனுக்களும் தமிழில் எழுந்து நின்றன. நான் சத்தம் போட்டுத் திட்டினேன். தெருவே கேட்டது. அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். லினக்ஸ் இன்றும் ஓடுகிறது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பென் டிரைவ் பயம் நிறையக் குறைந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

கோபம் என் மேல்தான். தகுதி இல்லை என்று சொன்ன பெட்டியைத் திட்டினேன். ஆனால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஊர் ஜனங்களுடைய வார்த்தைகளை எல்லாம் என் பெட்டிக்குள் போட்டு வைத்துக்கொண்டு, வேண்டும்போது என்னிடம் வா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்ப வருவார்கள் என்பதுதான் என் தொழில். அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒவ்வொருவராகப் போன் செய்து கூப்பிட்டு, அவரவர் மனுவை எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற புது எழுத்தில் மாற்றி, தாளிலும் கொடுக்கிறேன், போனிலும் அனுப்புகிறேன். யாருக்கும் சந்தோஷமில்லை. சந்தேகம்தான். முதலில் வந்த பெரியவர் தாளை வாங்கிக்கொண்டு, கடையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏம்மா, கடையை மூடப் போறியா? இல்ல, ஒடம்புக்கு ஏதாவது...?" என்றார்.

வாய்க்கால் கரை

போன வாரம் ராஜகுமாரிக்கு இன்னும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு நானே போனேன். அவள் கேட்கவில்லை.

தூர் வாரிய சேறு கரையோரம் கறுப்பாகக் குவிந்து, வெயிலில் வெடித்துக் கிடந்தது. கடைசியில் இருந்த இரண்டு வீடுகள் இல்லை. அடுப்பு இருந்த இடம் மட்டும் கரியாகத் தெரிந்தது. அவர்கள் மனு கொடுத்தார்களா, கொடுத்தும் எண் தெரியாமல் போனதா, தெரியவில்லை. என்னிடம் வந்தவர்களா என்று யோசித்தேன். யோசிக்கப் பயமாகவும் இருந்தது. பொக்லைன் அங்கேயே, கையைத் தரையில் ஊன்றி நின்றிருந்தது. ஓட்டுகிறவர் அதன் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ராஜகுமாரி வீடு இருந்தது. அவள் வாசலில் குந்தி, சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தாள்.

"அளக்க வந்தாங்களா?"

"இன்னும் வரலக்கா."

"விசாரணைக்குக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப இப்ப எதுக்கு சிமெண்ட்டு? கொஞ்ச நாள் பொறுக்கலாம்ல?"

"மனு உள்ள போயிருச்சுல்ல?"

"கையில இருக்கிறது ரசீது, ராஜகுமாரி. பட்டா இல்ல."

"தெரியும்க்கா. நானும்தானே கூட ஒக்காந்து படிச்சேன்."

கரண்டியால் ஓரத்தை இழுத்துச் சமன் செய்தாள். பொக்லைன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நகல்களைக் கொடுக்க ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"கால வெக்காதீங்க, அங்கயே நில்லுங்க" என்றாள். "இப்பதான் போட்டேன். காயணும்."

நின்றேன்.